பொங்கல் பானைக்குள் ஒரு பழுப்பு உறை

விஷ்ராந்த்வாடி, புனே
புதன்கிழமை, இரவு ஒன்றரை மணி

மதிப்பும் பாசமும் கொஞ்சம் பயமும் கலந்து ஜெகதீசன் மாமாவுக்கு, தங்கள் அக்காள் மகள் வைஷாலி எழுதுவது.

தாங்களும் அத்தையும் ஓசூரில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கனகவல்லி டீச்சர் சொல்லியிருப்பதால் எழுதினேன். உண்மையில் அம்மா நலம், தம்பி அனிருத் நலம், அப்பா நலமில்லை. என்னைப் பற்றிக் கீழே வரும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் எந்தப் போனை யார் எடுத்தாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் அம்மா படிப்பாள், அம்மா படித்தால் அது குடும்பக் குழுவுக்குப் போகும். இங்கிலீஷிலோ மராத்தியிலோ எழுதினால் அனிருத் படித்துவிடுவான். அவனுக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெரியாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன், குளியலறையில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து. ஹாலில் மூவரும் தூங்குகிறார்கள். அப்பா தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். தாங்கள் தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது, இனிமேல் நீங்கள் என்று எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அப்பாவின் லைசென்ஸ் விஷயம் உங்களுக்குத் தெரியும். ஆனால் போனில் அம்மா அழுதுகொண்டே சொன்னதால் எல்லாம் கலந்து போயிருக்கும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். போன வியாழக்கிழமை காலை வழக்கம்போல் அப்பா கம்பெனி காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஹடப்சர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டினார். அப்பா தைரியமாக நிறுத்தினார், ஏனென்றால் பெல்ட் போட்டிருந்தார், போன் பைக்குள் இருந்தது. போலீஸ்காரர் லைசென்சை வாங்கித் தன் கருவியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காகா, ஆப்கா லைசென்ஸ் தோ சஸ்பெண்ட் ஹை" என்றார். அப்பா சிரித்தாராம். வேறு யாருடைய லைசென்சையோ பார்த்துச் சொல்கிறார் என்று நினைத்தாராம். போலீஸ்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். அப்பாவின் போட்டோ இருந்தது, கீழே சிவப்பு எழுத்து இருந்தது. ஜூன் மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ரத்து. அதாவது ஒரு மாதத்துக்கு மேலாக அப்பா லைசென்ஸ் இல்லாமல், இல்லை என்றே தெரியாமல், தினமும் இரண்டு தடவை புனேயின் குறுக்கே ஓட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. காரில் இருந்தவர்களில் நிர்மல் என்று ஒரு கோயம்புத்தூர் அண்ணன், அவரிடம் லைசென்ஸ் இருந்ததால் அவரே மிச்ச தூரம் ஓட்டினார். பத்தொன்பது வருட வேலையில் முதல் தடவையாக அப்பா கம்பெனி காரில் இடது பக்கம் உட்கார்ந்தார். வழி முழுக்க வலது காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனாராம். அந்தப் பக்கம் பிரேக்கே இல்லை. இறங்கும்போது நிர்மல் அண்ணன், "அங்கிள், ஆப்பில் உங்களுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துடறேன்" என்று ஆறுதல் சொன்னாராம். அப்பா அதை வீட்டில் நாலு தடவை சொல்லிவிட்டார்.

காரணம் ஏப்ரல் மாதச் சம்பவம்தான். நீங்கள் ஓசூரிலிருந்து புதுக் காரில் வந்தீர்களே, கோந்த்வா பக்கம் வழி தவறிப்போய் அப்பாவைக் கூப்பிட்டீர்களே, அன்று அப்பா ஓட்டிக்கொண்டே உங்களுக்கு வழி சொன்னதை ஹடப்சரில் ஒரு போலீஸ்காரர் பார்த்துவிட்டார். லைசென்சைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அபராதம் போட்டு அனுப்பினார். அப்பா கட்டினார், அதோடு முடிந்தது என்று நினைத்தார். நீங்கள் பஞ்சர் ஆகிவிட்டது என்று இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, ஆறிப்போன உப்புமா சாப்பிட்டுக்கொண்டே, "வண்டி ஓட்டும்போது போன எடுக்கலாமா அத்தான், எங்க ஃபேக்டரில நான் இதத்தான பாடமா எடுக்கேன்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் என்று அப்பா சொல்லவில்லை. மச்சினனை அப்படிச் சொல்லக் கூடாதாம்.

இப்போது அப்பா வீட்டில் இருக்கிறார். அம்மா குக்கர் வைத்தால் எத்தனையாவது விசில் என்று எண்ணிச் சொல்கிறார். பால்கனியில் நின்று கீழே போகிற வண்டிகளுக்கெல்லாம் இண்டிகேட்டர் போடச் சொல்லிக் கத்துகிறார். அனிருத்தின் சைக்கிளில் காய்கறி வாங்கப் போகும் முன், "ஏட்டி வைஷு, சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம்லா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்று கேட்டார். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மாமா.

வருகிற செவ்வாய்க்கிழமை ஆர்.டி.ஓ. அதிகாரி முன்னால் அப்பா விளக்கம் சொல்ல வேண்டும். கம்பெனி சூப்பர்வைசர் ஜான் அங்கிள் வீட்டுக்கே வந்து தெளிவாகச் சொல்லிவிட்டார். நோட்டீஸ் வராமல் ஓட்டினார் என்று அதிகாரி ஒப்புக்கொண்டால், மூன்று மாதம் முடியும் வரை அப்பாவை டிப்போவில் உட்கார வைத்து வேலையைக் காப்பாற்றுவேன். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகும் ஓட்டினார் என்றால் லைசென்சும் போகும், வேலையும் போகும், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்பா உடனே எழுந்து நின்று, "எம் பிள்ளையள் மேல சத்தியமா சொல்லுதேன், ஒரு துண்டுக் காயிதம் வரல. அந்த ஆபீசர் முன்னாலயும் இதையே சொல்லுவேன்" என்றார். அம்மா, "சத்தியம் எல்லாம் எதுக்குங்க, வரலன்னு சொன்னாப் போதாதா" என்றாள். போனில் இருந்த நீங்கள், ஸ்பீக்கரில், "நோட்டீசு வராம சஸ்பெண்டு பண்ண மாட்டாவ அத்தான். வந்திருக்கும். வாங்கி எங்கனயாவது சொருவி வச்சிருப்பிய" என்றீர்கள். அப்போது நான் டம்ளரைக் கீழே போட்டேன். கை வழுக்கியது என்று சொன்னேன்.

மாமா, சொருகி வைத்தது நான்தான்.

ஜூன் மாதம் முதல் மழை பெய்த அன்று, வீட்டில் யாரும் இல்லாதபோது, தபால்காரர் கஜானன் காகா நனைந்தபடி மாடி ஏறி வந்து, "மாடசாமி!" என்று அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பழுப்பு உறையை நீட்டினார். எங்கள் வீட்டுக்கு யார் பெயரில் தபால் வந்தாலும் அவர் மாடசாமி என்றுதான் கூப்பிடுவார், ஏனென்றால் உங்களுக்கே தெரியும், புனேக்கு வேலைக்கு வந்த நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பாங்குக்கும் காஸ் சிலிண்டருக்கும் எங்கள் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ரேஷன் கார்டில் நாலு பேர், தபாலில் பதினொரு பேர் என்று அம்மா சொல்வாள். உறையின் மேல் வரி மழையில் கரைந்து மை பரவியிருந்தது. அதற்கு அடுத்த வரியில் அப்பா பெயர் தெளிவாக இருந்தது. மூலையில் சிங்க முத்திரை. நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

அதை ஏன் அப்பாவிடம் கொடுக்கவில்லை என்றால், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நான் கிரேஸ் மார்க்கில்தான் தேறினேன். அப்படித் தேறியவர்களின் பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து ரெஜிஸ்டர் தபால் வரும் என்று கடைசி நாளன்று மிஸ் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நான் அறுபத்தெட்டு என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் பள்ளி அரசாங்க உதவி பெறுகிற பள்ளி, ஆகவே சிங்கம் இருந்ததும் பொருத்தமாகவே தெரிந்தது. பிரித்துப் படிக்கத் தைரியம் வரவில்லை. பரண்மேல் இருக்கிற பொங்கல் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். ஜனவரி வரை அதை யாரும் தொட மாட்டார்கள், அதற்குள் நான் கணக்கில் நிஜமாகவே அறுபத்தெட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். போன வியாழக்கிழமை அப்பா வீட்டுக்கு வந்து சிவப்பு எழுத்தைப் பற்றிச் சொன்ன அந்த நிமிடத்தில்தான் அது எந்தச் சிங்கம் என்று புரிந்தது.

அப்பா தபால் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். கஜானன் காகா பண்டர்பூருக்கு வாரி போயிருக்கிறார், வந்ததும் கேளுங்கள் என்றார்கள். எனக்கு உயிர் வந்தது. பாதயாத்திரை ஆயிற்றே, பண்டர்பூர் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், ஒரு நாளைக்குப் பதினைந்து என்று வைத்தாலும் திரும்பி நடந்து வர ஆகஸ்ட் ஆகிவிடும் என்று கணக்குப் போட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தூரத்தை வேகத்தால் வகுத்துச் சரியான விடை வந்தது. சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா, "போறப்பதான் நடப்பாவ. வாறப்ப எல்லாரும் பஸ்லதான் வருவாவ, கூறுகெட்டவளே" என்றாள். திங்கட்கிழமை அவர் வேலைக்கு வருகிறார். அப்பா அவர் வரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். "வரட்டும், அந்த மனுசன் வாயாலயே சொல்லட்டும், மாடசாமி வீட்டுக்கு நோட்டீசே குடுக்கலன்னு. அவரயே சாட்சியாக் கூட்டிட்டுப் போறேன்" என்கிறார். அந்த மனுசன் வாயால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவர் நல்லவர், விட்டல் தரிசனம் முடித்து வேறு வருகிறார், பொய்யே சொல்ல மாட்டார்.

பொய் சத்தியம் செய்தால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று அனிருத்திடம் பொதுவாகக் கேட்டேன். மண்டை வெடிக்கும் என்றான். பிறகு யோசித்து, "ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் வெடிக்கும், யார் தப்புப் பண்ணாங்களோ அதுக்கு" என்றான். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அன்றிலிருந்து என் பங்குப் பிஸ்கட்டை அவனுக்குக் கொடுத்து வருகிறேன். எனக்கு மிகவும் களைப்பாக இருக்கிறது, மாமா. பயப்படுவது இவ்வளவு வேலை என்று யாரும் சொல்லவில்லை.

என் வேண்டுகோள் இதுதான். அப்பா வண்டி ஓட்ட முடியாததால் நீங்கள் சனிக்கிழமை இரவு காரில் புறப்பட்டு வந்து, செவ்வாய்க்கிழமை அவரை நீங்களே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். "சுத்தமான லைசென்ஸ் வச்சிருக்கவன் எப்படி வந்து இறங்குதான்னு அந்த ஆபீசர் பாக்கட்டும்" என்றும் சொன்னீர்கள். அம்மாவுக்கு அதைக் கேட்ட பிறகுதான் சோறு இறங்கியது. கஜானன் காகா வருவதற்குள், ஞாயிற்றுக்கிழமையே, அப்பாவைத் தனியாகக் காரில் உட்கார வைத்து மெதுவாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் ஃபேக்டரியில் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறவர், விபத்து நடந்ததை எப்படிச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா என் பெயரில் சத்தியம் செய்யாமல் இருந்தால் போதும். அப்புறம் அவர் அடித்தாலும் பரவாயில்லை. அவர் அடிக்க மாட்டார், அதுதான் கஷ்டம். உறையையும் இதோடு வைத்து நாளைக் காலை பள்ளிக்குப் போகும் வழியில் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கங்களைச் சொல்லவும். எதற்காக என்று சொல்ல வேண்டாம். உங்கள் புதுக் கார் ஒரு கீறலும் இல்லாமல் நீண்ட நாள் ஓட ஆண்டவனை வேண்டும்,

இந்த ஒரு விஷயம் தவிர மற்றதிலெல்லாம் கீழ்ப்படிந்த மருமகள்,
வைஷாலி

பின்குறிப்பு: மணி இரண்டே கால். ஸ்டூல் போட்டுப் பானையை இறக்கிவிட்டேன். அனுப்பப் போகிறோமே, என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று உறையைப் பிரித்தேன். மாமா, இது பள்ளிக் கடிதம் இல்லை. அப்பாவுக்கு வந்த நோட்டீசும் இல்லை. மழையில் கரைந்த அந்த மேல் வரி உள்ளே நன்றாக அச்சாகியிருக்கிறது. உங்கள் பெயர். அதன் கீழே மேற்பார்வை மாடசாமி, அதாவது கேர் ஆஃப் அப்பா. நீங்கள் புனேயில் வேலை பார்த்தபோது எங்கள் முகவரியில் லைசென்ஸ் எடுத்தீர்கள் இல்லையா? அது ஜூன் பத்தாம் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ரத்து. குற்றம், வண்டி ஓட்டும்போது போனில் பேசியது. இடம் கோந்த்வா. ஏப்ரல் மாதம், அதே தேதி, காலை ஒன்பது பத்து. அப்பாவின் அபராதச் சீட்டில் ஒன்பது ஒன்பது. நீங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பஞ்சர் எதுவும் ஆகவில்லை.

அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அவர் லைசென்சையும் எடுத்துப் பார்த்தேன். அதில் தாத்தா ரிட்டயர் ஆனதும் காலி செய்த கட்கி குவார்ட்டர்ஸ் முகவரிதான் இன்னும் இருக்கிறது. ஊருக்கெல்லாம் நம் முகவரியைக் கொடுத்தவர், தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே அவருக்கு நிஜமாகவே ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் எத்தனை சத்தியம் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், என் மண்டைக்கு ஒன்றும் ஆகாது.

உங்களுக்கும் இதுவரை எதுவும் வரவில்லை, ஆகவே இதுவரை ஓட்டியது உங்கள் தப்பில்லை. ஆனால் இந்த வரியைப் படித்து முடித்ததும் வந்துவிட்டது. கார் சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, பெங்களூர் போய் ரயில் பிடித்து வரவும். செவ்வாய்க்கிழமைக்கு நிர்மல் அண்ணனைக் கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள், அங்கே யாரும் பிரேக் தேட மாட்டார்கள். பஞ்சரைப் பற்றி நான் யாரிடமும் பேச மாட்டேன், நீங்களும் பானையைப் பற்றிப் பேச வேண்டாம்.

கடைசியாக ஒன்று. இது உங்களுடையது என்றால், பள்ளிக் கடிதம் இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை கஜானன் காகா மாடி ஏறி வரும்போது வாசலில் நீங்கள் நில்லுங்கள், மாமா. அவர் மாடசாமி என்று கூப்பிடுவார். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் முகவரியும் இதுதானே.