பெரட்டுக்குப் போகாத ஒரே ஆள்

பூனாகலை.

'இன்ஸ்பெக்டர் கதிரொளி' தொடரை இயக்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கே மழையும் மூடுபனியுமாக நலம். போன வாரம் தோளில் குண்டு பாய்ந்த கதிரொளி அவர்கள் அடுத்த நாளே மதில் ஏறிக் குதித்ததால், அவரும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, உங்கள் தொடரில் நம்பும்படி இல்லாதவற்றைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன். காட்டில் திருடனைத் துரத்தியவரின் சப்பாத்தில் சேறு இல்லை. காலில் ஓர் அட்டைகூட இல்லை. சாட்சிகள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார்கள். எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், எதைக் கேட்டாலும் அவரவர் அக்காவின் கல்யாணத்தில் இருந்துதான் தொடங்குவார்கள். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் கதிரொளியை நம்பினேன் என்பதுதான் வெட்கக்கேடு.

செவ்வாய்க்கிழமை எங்கள் சினைப்பசு காணாமல்போனது. மத்தியானம் கொழுந்து பறிக்கும் மலையில் இருந்து வந்த அம்மா, வெறும் கொட்டிலைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்பா தேட ஓடினார். நான் ஓடவில்லை, துப்புத் துலக்கினேன். அம்மாவின் மஞ்சள் சேலையைக் கொட்டிலைச் சுற்றிக் கட்டி, கதவில் முகப்பவுடர் தூவிக் கைரேகை பார்த்தேன், கிடைத்ததெல்லாம் தும்மல்தான். பிறகு பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரய்யா மாமாவின் வாசலில் புதுக் கயிறு கிடப்பதைக் கண்டேன். போதாதா? லயமே கூடி நிற்க, பட்டப்பகலில் அவர் முகத்தில் டோர்ச் அடித்து, கதிரொளி போலவே ஒரு புருவத்தைத் தூக்கி, "காலையில எங்க இருந்தீங்க?" என்றேன்.

"விடியக்காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேர் குடுத்துட்டு மலைக்குப் போனேன். ஒங்கப்பனும் பக்கத்துலதான் நின்னான், அவனையும் புடிச்சு உள்ள போடு."

"அதுக்குச் சாட்சி?"

"இந்த லயமே சாட்சி. பெரியவங்க எல்லாம் பெரட்டுல, கைப்புள்ளைங்க புள்ளைக்காம்பராவுல, படிக்கிறதுங்க பள்ளிக்கூடத்துல. காய்ச்சல்னு வீட்டுல கெடந்தது நீ ஒருத்திதான். மாட்டுக்குப் புல்லு போட்டுட்டுக் கதவச் சாத்துனியா புள்ள?"

என் புருவம் தானாக இறங்கியது. சாத்தவில்லை, ஐயா. காய்ச்சலும் இல்லை, உங்கள் தொடரின் மறு ஒளிபரப்பு இருந்தது. நான் கண்டுபிடித்த முதல் குற்றவாளி நானே.

பசு அன்று மாலையே கீழ் லயத்து மரக்கறிப் பாத்தியில் அகப்பட்டது. ஆனால் அன்று முதல் வீரய்யா மாமா எங்கள் வாசலைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போகிறார். இரண்டு காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் இருமுவது கேட்கிறது. "புள்ள" என்று கூப்பிடுவது கேட்பதில்லை.

உங்கள் கதிரொளி வாரத்துக்கு மூன்று பேரைத் தவறாகச் சந்தேகிக்கிறார். நான்காவது ஆள் அகப்பட்டதும் அந்த மூன்று பேரிடமும் போய் அவர் என்ன சொல்கிறார்? அதை நீங்கள் ஒருநாளும் காட்டுவதில்லை. எனக்கு அதுதான் வேண்டும். தயவுசெய்து மன்னிப்புக் கேட்கும் காட்சி ஒன்றை, உள்ளதை உள்ளபடியே எடுத்து, சீக்கிரம் ஒளிபரப்பவும்.

உங்கள் கமெராக்களில் பனி ஏறாதிருக்க வேண்டிக்கொள்ளும் அன்பு நேயர்,
தனுஜா

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் வீரய்யா மாமாவே எதிரில் வந்துவிட்டார். "மாமா..." என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது. "தேத்தண்ணி குடிக்கிறியா? சீனி முடிஞ்சிருச்சு, கருப்பட்டி கடிச்சுக்க," என்றார். அவ்வளவுதான். ஆகவே ஐயா, அந்தக் காட்சியை உள்ளபடி எடுக்க வேண்டாம். யாரும் நம்பமாட்டார்கள்.