உயிரியல் ரேகையில் அடைப்பு

கல்லூரி அரங்கத்தின் வாசலில் தொடங்கிய வரிசை, மிதிவண்டி நிறுத்தத்தைச் சுற்றி வளைந்து, நூலகத்தைத் தாண்டிப் போய் முடிந்தது. அந்த நூலகத்துக்குப் பக்கத்தில் இத்தனை பேர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. உள்ளே ரேகைச் செம்மல் உட்கார்ந்திருந்தார். பத்து விரலையும் மையில் தொட்டு அட்டையில் பதித்தால் போதும். பிள்ளை டாக்டரா, பாடகரா, கணக்கரா என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவாராம். ரேகை அடைத்திருந்தால் திறப்பதற்குத் தைலமும் தருவாராம். சாக்கடை அடைப்பு எடுக்க ஆள் கிடைக்காத ஊரில் ரேகை அடைப்பு எடுக்க ஆள் வந்துவிட்டார்! மாதம் முழுக்க முகாம்.

முதல் நாள், முதல் ஆளாக மகளை இழுத்துக்கொண்டு வந்து நின்றவர் யார்? அதே கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக முதலாண்டு உயிரியல் நடத்தும் ஆசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மஞ்சள் நோட்டு’. வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிய குறிப்பைத்தான் இன்றும் வாசிக்கிறார்; தாள் மட்டும் நிறம் மாறிவிட்டது.

மகளுக்கு உயிரியல் படிக்க ஆசை. மூன்றாம் நாள் அறிக்கை வந்தது: ‘உயிரியல் ரேகையில் அடைப்பு. பத்து மாதம் தைலம் தேய்க்கவும். அதுவரை அறிவியல் பக்கமே போக வேண்டாம்.’

“அப்பா, தவளையோட இதயத்தைப் புத்தகம் பார்க்காமலே வரைவேன். வரையுறதே இந்த விரல்தானே?”

“பெரியவர் சொன்னா எதிர்த்துப் பேசாதே. தேய்டி!”

அவள் அழுதுகொண்டே தேய்த்தாள். கல்லூரி விண்ணப்பத்தில் உயிரியலை அடித்துவிட்டு வணிகவியல் என்று அவரே எழுதினார்.

அதே வாரம் அவர் தலையில் இன்னோர் இடி. முதலாண்டு வகுப்பை நிஜ ஆராய்ச்சித் தரவை வைத்துத்தான் நடத்த வேண்டும், அதற்கு ஆளுக்கொரு வழிகாட்டி உண்டு என்றது நிர்வாகம். அவருக்கு வாய்த்தவர், ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து மூன்றே வருடமான ஓர் இளம் ஆசிரியை.

“மேடம் எனக்குச் சொல்லித் தரப் போறீங்களா?” என்றார், ‘மேடத்தை’ நன்றாக அழுத்தி.

“இல்ல சார். கடைசி பெஞ்சில உட்கார்ந்து பார்க்கப் போறேன். அடுத்த வாரம் நீங்க என் வகுப்புல உட்காருங்க. மாத்தி மாத்தித் திட்டிக்கலாம்.”

ஆசிரியை அவருக்குக் கொடுத்தது, நாலு குளத்துத் தவளைகளை ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வருடம் எடை போட்டு எழுதிய பட்டியல். வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: “சார், இதுல விடை எந்தப் பக்கம்?” ஆசிரியர் அவசர அவசரமாகப் பட்டியலைக் குளம் வாரியாக அடுக்கிப் பார்த்தார்; ஒன்றும் தேறவில்லை.

“தெரியலன்னு சொல்லிட்டுச் சேர்ந்து தேடலாமே சார்,” என்றார் ஆசிரியை வகுப்பு முடிந்ததும். “குளத்தை வெச்சு அடுக்கினீங்க, ஒண்ணும் புரியல. மாசத்தை வெச்சு அடுக்கிப் பாருங்க.”

அடுக்கினார். மழை மாதங்களில் எடை கிடுகிடுவென ஏறியிருந்தது. தன் பாடத்தைப் பார்த்துத் தானே வாய்பிளந்தார் மனிதர்.

மறுநாள் தயங்கித் தயங்கி வந்தார். “மேடம், ரேகையையும் இப்படி அடுக்கிப் பார்க்கலாமா?” மகள் கதையைச் சொன்னார். ஆசிரியை சிரிக்கவில்லை. “எதை மாத்தக் கூடாது, எதை மாத்தணும்? அதை மட்டும் வகுப்புல கேளுங்க.”

வகுப்பு கொதித்தெழுந்தது. விரலை மாற்றக் கூடாது, பெயரை மாற்றலாம். முகாம் விண்ணப்பத்தில் ‘பிள்ளையின் விருப்பம்’ என்று ஓர் இடம் இருந்ததே, அதையும் மாற்றலாம். முப்பத்தாறு பேரும் திங்கட்கிழமை சொந்தப் பெயரில், டாக்டராக ஆசை என்று எழுதி ரேகை கொடுத்தார்கள். புதன்கிழமை வேறு பெயரில், பாடகராக ஆசை என்று எழுதி அதே விரல்களைப் பதித்தார்கள். அந்தக் கூட்டத்தில் யார் முகத்தை யார் பார்த்தார்?

எழுபத்திரண்டு அறிக்கைகள் வந்தன. விரலை வைத்து அடுக்கினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

“சார், விருப்பத்தை வெச்சு அடுக்குங்க!” என்று கத்தினாள் ஒரு மாணவி.

அடுக்கினார்கள். டாக்டர் ஆசை முப்பத்தாறு. முப்பத்தாறு பேருக்கும் உயிரியல் ரேகையில் அடைப்பு. பாடகர் ஆசை முப்பத்தாறு. அத்தனை பேருக்கும் இசை ரேகையில் அடைப்பு. ஆசை எங்கேயோ அடைப்பு அங்கே! வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியர் மட்டும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மகள் அழுதுகொண்டே தைலம் தேய்த்தது கண்முன் வந்தது.

முகாமின் கடைசி நாள் பாராட்டு விழா. கல்லூரி முதல்வர் செம்மலைப் புகழ்ந்து முடித்ததும் ஆசிரியர் மேடையேறி மூன்று அட்டைகளை நீட்டினார்.

“ஐயா, யாருக்கு எது வரும்னு சொல்லுங்க.”

“விண்ணப்பம் எங்கே? விருப்பம் தெரியணுமே.”

“ரேகை பேசும்னுதானே சொன்னீங்க? பேசட்டும்.”

“பேசட்டும்!” என்றது கூட்டம்.

செம்மல் உருப்பெருக்கியை எடுத்தார். “முதல் குழந்தை பிறவிப் பாடகர். ரெண்டாவது கணக்குல புலி. மூணாவது மந்தம், அறிவியல் சுத்தமா வராது.”

ஆசிரியர் பத்து விரலையும் மையில் தொட்டு நாலாவது அட்டையில் பதித்தார். ஆசிரியை நான்கையும் உருப்பெருக்கியோடு கூட்டத்துக்குள் அனுப்பினார். சுழிக்குச் சுழி ஒன்றே.

“மூணும் என் விரல்தாங்க. அந்த மந்தம் மட்டும் சரிதான். இல்லேன்னா பெத்த பொண்ணை இப்படி அழ வெச்சிருப்பேனா?”

“மேடை வெளிச்சத்துல ரேகை குழம்புது…” என்று முனகிய செம்மல், பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவினார்.

வீட்டுக்குப் போனதும் ஆசிரியர் மகள் முன்னால் நின்றார். “தப்பு என்மேலதாம்மா. விண்ணப்பத்தை எடு, திருத்தித் தர்றேன்.”

“நீங்க திருத்தினது போதும்ப்பா. பேனாவைக் குடுங்க, நானே எழுதுறேன்.”

மறுநாள் கல்லூரி வாசலில் ஒருவர் அவரை மடக்கினார். “சார், காதைப் பார்த்துப் படிப்பு சொல்றவர் அடுத்த வாரம் வர்றாராம். அவராவது உண்மையானவரா?”

“வரட்டும். உங்க காதை ரெண்டு தடவை ரெண்டு பேர்ல காட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

காதோ விரலோ, யாரிடம் வேண்டுமானாலும் நீட்டுங்கள் ஐயா. அதற்கு முன்னால் ஒரு கேள்வியை நீட்டுங்கள். கேள்வி கேட்டதால் இதுவரை யாருக்கும் ஒரு விரல்கூடக் குறைந்ததில்லை.