கம்பவுண்டர் கட்டிய வேப்பிலை

உத்திரமேரூரில் மனுஷனைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தையும், மாட்டைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமல் ஆயுசை ஓட்டிய ஒரே ஆள் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். வீட்டில் போய்க் கேட்டால் அந்த அம்மாளும், "கம்பவுண்டர் வூட்ல இல்லியே" என்றுதான் சொல்வார்.

காக்கி அரை நிஜார், காதில் செருகிய பென்சில், பத்தடி முன்னால் வரும் பினாயில் வாசனை. ஒரு தடவை எருமை உதைத்து அவர் நாலு கஜம் தள்ளிப் போய் விழுந்ததை நானே பார்த்தேன். எழுந்து வந்து எருமையின் காலைத் தடவி, "வலிக்குதா தாயே? என் எலும்பு கொஞ்சம் கெட்டி" என்றார். பிறகு எருமைக்காரர் பக்கம் திரும்பி, "கவுத்தப் புடிக்கத் துப்பு இல்ல. மீசை மட்டும் வெச்சிக்கினு கீற" என்றார்.

திருமுக்கூடலிலிருந்து ஒருவர் கழுத்துப் புண்ணோடு ஓர் உழவு மாட்டைக் கொண்டுவந்தார். கம்பவுண்டர் மாட்டுக்கு மருந்து போட்டார். பிறகு ஒரு நுகத்தடியை எடுத்து அந்த மனிதரின் கழுத்தில் வைத்து ஆஸ்பத்திரியை மூன்று சுற்று சுற்ற வைத்தார்.

"எப்டி கீது?"

"வலிக்குதுங்க."

"அதுக்கும் அப்டித்தான் கீது. அது வாயத் தொறந்து சொல்லல, அவ்ளோதான்."

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. ஒரு சர்க்கார் ஆபீசில் டெம்பரரி குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். நான் இனிமேல்தான் பென்ஷன் வாங்க வேண்டும். பயம் என்னோடு கூடப் பிறந்தது. தபால்காரர் வாசலில் நின்றால் தந்தி என்று நினைத்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அவர் பக்கத்து வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நிற்பார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ரெக்கார்டு ரூமைத் திறந்தேன். அடுத்த வாரம் புதன்கிழமை செங்கல்பட்டிலிருந்து பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். ஒரு கட்டு விடாமல் பிரித்துப் பார்க்கிற ஆள். அவர் நல்லபடியாக எழுதினால் நான் பர்மனென்ட். இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். அதற்காகத் தூசி தட்டலாம் என்று உள்ளே போனால், அடித்தட்டில் சிவப்புத் துணியில் கட்டி வைத்திருந்த பழைய காகிதக் கட்டின் மேல் நாலு பூனைக்குட்டிகள். கண் திறக்கவில்லை. தாயைக் காணோம்.

புத்தியுள்ளவன் கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பான். நான் என்ன செய்தேன் என்றால், முதலில், "ஐயோ, அனாதைகள்" என்று தீர்மானித்தேன். பிறகு டீக்கடையில் பசும்பால் வாங்கி, பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரைக் கழுவி, ஒரு குட்டியின் வாயில் இரண்டு சொட்டு விட்டேன். அது மூக்கால் தும்மியது. நீல நிறத்தில் தும்மியது. உயிர் போகப்போகிறது என்று எண்ணி, நாலையும் என் குடையைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் எடுத்துக்கொண்டு, மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கம்பவுண்டர் குடைக்குள் எட்டிப் பார்த்தார். நாலையும் எடுத்துத் தன் பனியனுக்குள் விட்டுக்கொண்டார். வயிற்றின் மேல் நாலு மேடு எழும்பி நெளிந்தது.

"சில்லுன்னு கீதுங்க. மொதல்ல சூடு, அப்பறந்தான் பாலு. இன்னா குடுத்த?"

"பசும்பால்."

"பசு யாருக்குப் பாலு கறக்குது?"

"நமக்கு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நுகத்தடி தெரிந்தது. "கன்னுக்குட்டிக்குய்யா. பூனைக்குட்டிக்குக் குடுத்தா பேதியாப் புடுங்கும். சரி, இதுங்க அம்மா எங்க?"

"விட்டுட்டுப் போயிடுச்சுங்க."

"நீ எங்க போயிருந்த?"

"டீக்கடைக்கு."

"அப்ப ஆபீஸ விட்டுட்டுப் போயிட்டன்னு எழுதிக்கலாமா? அவங்க நாஷ்டாவுக்குப் போயிருப்பாங்க. நாலு புள்ளைக்குப் பாலு குடுக்கிறவங்க பட்டினி கெடப்பாங்களா? திரும்பி வந்து பாத்து புள்ளைங்க இல்லன்னா அவங்க மனசு இன்னா பாடு படும்? நட."

பனியனுக்குள் குட்டிகளோடு அவர் முன்னால் நடக்க, வெறுங்குடையோடு நான் பின்னால் ஓடினேன். குட்டிகளை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். இருவரும் ஜன்னலுக்கு வெளியே குந்திக் காத்திருந்தோம். அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. எனக்கு வேர்த்தது. "வருமா?" என்று நான் பதினோராவது தடவை கேட்டபோது அவர் தன் கையால் என் வாயைப் பொத்தினார். பினாயில்.

அவள் வந்தாள். சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்தது. குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பனியன் வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது. நாலையும் தலை முதல் வால் வரை நக்கிக் கழுவிவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். குட்டிகள் மோதிக்கொண்டு போய்ச் சேர்ந்தன. கம்பவுண்டர் மூச்சை விட்டார். அதுவரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பிறகு சட்டம் போட்டார். மூன்று வாரத்துக்கு யாரும் குட்டிகளைத் தொடக்கூடாது. அடிக்கடி எட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அவள் அவற்றைக் கவ்விக்கொண்டு கிணற்றடி, கூரை என்று ஆபத்தான இடத்துக்குப் போய்விடுவாள். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த ஏரிக் கெண்டை இரண்டு வேளை, அவரே கொண்டுவருவார். தண்ணீர் மாற்றுவதும், மூலையில் ஒரு தட்டில் மணல் வைத்து அள்ளுவதும் என் டியூட்டி.

"மூணு வாரமா? புதன்கிழமை இன்ஸ்பெக்ஷனுங்க. என் வேலை போயிடும்."

"அவங்களுக்கு உன் வேலை தெரியுமா? பச்சை ஒடம்புக்காரங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய் வேப்பங்கொத்து ஒடித்து வந்தார். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். மனுஷருக்குச் செய்வதைப் பூனைக்குக் குறைப்பானேன் என்று ரெக்கார்டு ரூம் கதவில் ஒரு கொத்து, ஆபீஸ் தெருவாசலில் ஒரு பெரிய கொத்து கட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேப்பிலை இன்னொன்றுக்கும் கட்டுவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. ஆபீசில் எந்தப் பெண் பிள்ளை பெறப் போகிறாள்? ஊர் அதை ஒரே அர்த்தத்தில்தான் பார்த்தது: ஆபீசில் அம்மை போட்டிருக்கிறது.

மறுநாள் ஒரு மனுப் போட ஆள் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். சிலர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். லீவு முடிந்து வந்த எங்கள் சூப்பிரண்டு, வாசல் வரை சைக்கிளில் வந்தவர், காலைக்கூடக் கீழே ஊன்றாமல் அப்படியே ஒரு வட்டம் அடித்துத் திரும்பிப் போய் வீட்டிலிருந்து லீவு லெட்டர் அனுப்பினார். பியூன் கன்னியப்பனிடம் வேப்பிலையை அவிழ்க்கச் சொன்னேன்.

"ஆத்தாளுக்குக் கட்டினத நான் அவுக்கறதா? நல்லா கீதே. நீ அவுரு சார், நான் தூரமா நின்னு பாக்கறேன்."

"இது பூனைக்குக் கட்டினதுப்பா."

"பூனைக்கும் அம்மையா?" என்று அவன் இன்னும் இரண்டு அடி பின்னால் போனான். நான் கை தூக்கினேன். பூனைக்குக் கட்டியதுதான் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கை பாதியில் இறங்கிவிட்டது.

புதன்கிழமை ஜீப் வந்தது. பெரிய ஆபீசர் இறங்கி, வாசலைப் பார்த்து முதல் படியிலேயே நின்றார்.

"யாருக்குய்யா?"

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "ரெக்கார்டு ரூமுக்குங்க சார்."

"என்னது?"

"பிரசவம் சார். நாலு. எல்லாம் டெம்பரரி சார்."

ஆபீசருக்கு ரத்தம் முகத்துக்கு ஏறுவதற்கும், கம்பவுண்டர் மீன் சட்டியோடு வருவதற்கும் சரியாக இருந்தது. அவர் ஜீப்பைப் பார்த்தார், ஆபீசரைப் பார்த்தார். "மெதுவாப் பேசுய்யா. பூனையம்மா தூங்கறாங்க" என்றார்.

விஷயம் வெளியாகிவிட்டது. ஆபீசர், "பூனைக்கா வேப்பிலை? ஆபீசா இது? சாக்கைக் கொண்டுவா. எல்லாத்தையும் கட்டி ஏரிக்கரையில் விட்டுட்டு வா" என்று கன்னியப்பனிடம் சொன்னார். ஆத்தாளைவிடப் பெரிய ஆபீசரிடம்தான் தனக்குப் பயம் அதிகம் என்று கன்னியப்பன் அந்த நிமிஷத்தில் கண்டுகொண்டான்; சாக்கு வந்தது. கம்பவுண்டர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண் மட்டும் என் மேல் இருந்தது.

அன்று காலைதான் குட்டிகளில் ஒன்றுக்கு ஒரு கண் பாதி திறந்திருந்தது. அந்த அரைக் கண்ணால் அது முதலில் பார்த்தது என்னைத்தான்.

தைரியம் வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. ஆனால் பயம் முற்றினால் ஒரு கட்டத்துக்கு மேல் அதுவே நம்மைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நான் சட்டைப் பித்தானைக் கழற்றி, மார்பில் அடர்ந்திருந்த வேர்க்குருவைக் காட்டிக்கொண்டு, ஆபீசரை நோக்கி இரண்டு அடி வைத்தேன்.

"பூனைக்கு இல்ல சார். எனக்கு. மூணு நாளா."

கன்னியப்பன் சாக்கை விட்டுவிட்டு ஓடினான். ஆபீசர் பின்பக்கமாகவே நடந்து ஜீப்பில் முட்டிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து, ஊரெல்லாம் பேசியதைக் கேட்டு, அம்மை குத்துகிறவர் பெட்டியோடு வந்து நின்றார். ரூல் என்றால் ரூல் என்கிற மனிதர். "வேப்பிலை கட்டின எடத்துல கால் வெச்சவங்க அத்தினி பேருக்கும் குத்தணும் சார். நீங்க முதல் படியில நின்னதப் பாத்தேன், கைய நீட்டுங்க" என்று ஆபீசரிடம் சொன்னார். ஜீப் கிளம்பிய வேகத்தில் டிரைவர் பாதி ஏறியும் ஏறாமலும் போனார்.

மிஞ்சியது நான்தான். அம்மை குத்துகிறவர் என் மார்பைப் பார்த்து, "வேர்க்குருய்யா இது" என்றார். ஆனாலும் இடது கையைப் பிடித்தார். ஊசி தோலைத் தொட்டதா என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்பே விழுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது ரெக்கார்டு ரூமில் சாக்கால் போர்த்தப்பட்டுக் கிடந்தேன். தலை கம்பவுண்டர் மடியில். "மொதல்ல சூடு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு டீ ஊற்றினார். அடித்தட்டிலிருந்து பூனை எங்கள் இருவரையும் பார்த்தது. ஐந்தாவது குட்டி எப்போது வந்தது என்று யோசித்திருக்கும்.

மூன்று வாரம் ஆபீஸ் பக்கம் யாரும் வரக்கூடாது என்று செங்கல்பட்டிலிருந்து உத்தரவு வந்தது. வேண்டிய மூன்று வாரம். ஆனால் என் பர்மனென்ட் உத்தரவு ஆறு மாசம் தள்ளிப்போயிற்று. அந்த ஆறு மாசமும் நான் தினம் ஒரு தடவை அழுதேன் என்பதை இங்கே மறைக்க வேண்டாம்.

குட்டிகள் இரண்டு மாசம் தாயோடு இருந்த பிறகுதான் மற்றவர்களுக்குக் கொடுக்கக் கம்பவுண்டர் சம்மதித்தார். கேட்டு வந்தவர்களுக்குப் பரீட்சை வைத்தார். "வூட்டாண்ட கெணத்துக்குச் செவுரு கீதா? நாய் கீதா? பூனை குறுக்க போனா திரும்பி வூட்டுக்குள்ள போற ஆளா நீ?" கடைசிக் கேள்வியில் எங்கள் சூப்பிரண்டு தோற்றார். தென்னேரியில் நெல் குதிர் வைத்திருந்த ஒரு அம்மாள் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். நானும் ஒன்று கேட்டேன்.

"உனக்குக் கெடையாது" என்றார். காரணம் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பர்மனென்ட் ஆகிக் காஞ்சிபுரத்துக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு கூடை உள்ளே வந்தது. பின்னால் பினாயில். கூடைக்குள் கிழிந்த காது.

"குட்டியப் பாத்துக்கத் தகிரியம் வோணும். உன்கிட்ட அது கெடையாது" என்றார் கம்பவுண்டர். "இவங்ககிட்ட நெறய கீது. உன்ன இவங்க பாத்துப்பாங்க."

கூடைப் பிடியில் ஒரு வேப்பங்கொத்து செருகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரம் வரை பஸ்ஸில் யாரும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்று பேர் சீட்டில் நானும் அவளும் காலை நீட்டிக்கொண்டு போனோம்.

அம்மை குத்திய தழும்பு இடது கையில் இன்னும் இருக்கிறது. அவளுடைய பேத்தியின் பேத்தி இதை எழுதும்போது அதன் மேல்தான் தலை வைத்துத் தூங்குகிறாள். கை மரத்துப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. அசைக்கலாம்தான். கம்பவுண்டருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்றுதான் பார்க்கிறேன்.