நாலு பிளக் வயரும் நானும்

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய்யுங்கள். இதை அத்தையிடம்கூடக் காட்டக் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள். சொந்த அக்காதான் என்றாலும், போனில் என் அம்மா குரல் கேட்டாலே நீங்கள் எழுந்து நிற்பீர்கள். என்னைப் போலவே பயப்படுகிறவர் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், காரைத் தவிர. நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களிடம் பழைய கார் இல்லையே.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் காரை வாங்க ஒரு பல் டாக்டர் வந்தார். அம்மாதான் வரச்சொல்லியிருந்தாள். பிறந்த மறுநாள் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்த கார் அது. இன்றைக்கும் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து படித்தால்தான் எனக்குக் கணக்கு ஏறும். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக் வயர்கள் வரிசை மாறினால் வண்டி கிளம்பாது என்று நீங்கள் விட்டுப்போன கார் ரிப்பேர் புத்தகத்தில் இருந்தது. டாக்டர் வரும் முன்பே நாலு வயரில் நடுவில் இருந்த இரண்டை மாற்றி மாட்டிவிட்டேன். அவ்வளவுதான் மாமா. டாக்டர் சாவியைத் திருப்பினார். கார் இருமியது, முனகியது, பிறகு டமார்! அவர் சாவியை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

திங்கட்கிழமை மெக்கானிக் அண்ணன் வந்தார். பிளக்கைக் கழற்றி முகர்ந்தார், பெட்ரோல் வாசனை. வயர் நுனியை இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தார், நீலப் பொறி. "பெட்ரோலும் வருது, கரண்டும் வருது. வண்டிக்குத்தான் மனசு வரல சார்" என்றார். வயர் வரிசையை மட்டும் பார்க்கவே இல்லை. இருபது வருடமாக அவரே மாட்டுகிற வயர்கள், அதில் தப்பு இருக்குமா என்ன? கார்புரேட்டரைக் கழற்றி, அம்மா காய்கறி கழுவும் பேசினில் ஊறப்போட்டார். அம்மா அதைப் பார்த்தாள். "ஏங்க, சனிக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச்சொல்லிட்டேன். எடைக்குப் போட்டுடலாம்."

எனக்கு உயிரே போய்விட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்குக் கிளம்பும் முன் வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டேன். சாயங்காலம் அண்ணன் கார்புரேட்டரைத் திரும்ப மாட்டியதும் கார் சமர்த்தாகக் கிளம்பியது. "பாத்தீங்களா சார், கார்புரேட்டர்தான்!" என்றார் அண்ணன். தெருமுனை வரை போய் நின்றுவிட்டது. அப்பா டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினார். உடனே கிளம்பியது. வீட்டு வாசலில் மறுபடி நின்றது. மறுபடி மூடி, மறுபடி ஓட்டம், மறுபடி நிறுத்தம். சத்தியமா இது நான் இல்ல மாமா! செய்த தப்பைச் சரிசெய்த பிறகு, செய்யாத தப்பு எங்கிருந்து வந்தது? இன்று, புதன்கிழமை, பெட்ரோல் பம்ப்பையும் கரண்டு தரும் காயிலையும் மாற்றியும் அதே கதை. அண்ணன் படியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தொழிலே மறந்துபோச்சு சார். பேசாம சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போறேன்." அப்பா மட்டும் கவலையே இல்லாமல் அவருக்கு டீ கொடுத்தார்.

மாமா, வெள்ளிக்கிழமைக்குள் சும்மா வந்தது போல வாருங்கள். வயரைக் கழற்றும்போது வேறு எதையாவது உடைத்துவிட்டேனா? அம்மாவிடம் ஒப்புக்கொண்டால் என்னையும் எடைக்குப் போட்டுவிடுவாளா? ஐயோ, கதவைத் தட்டுகிறார்கள், யாரோ

பி.கு.: வரவேண்டாம் மாமா. அத்தைக்கு என் அன்பு, அத்தைக்கே தெரியாமல். தட்டியது அப்பா. என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் வேண்டுமாம். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு பொடி ஓட்டை உண்டாம். அது அடைத்தால் கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் வருவது நின்றுவிடுமாம், மூடியைத் திறந்தால் மறுபடி வருமாம். டாக்டரைப் பாதி வழியில் நிறுத்த, அதில் மெழுகு வைத்ததே அப்பாதானாம்! வாசலிலேயே டமார் என்றதுதான் அவருக்கு இன்றுவரை புரியவில்லையாம். நான் வயர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது அப்பா என் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அம்மா முன்னாடி வண்டி ஓடினா இரும்புக்காரர் வரமாட்டார். ஆனா ஓடுதுன்னு தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை டாக்டர் வந்துடுவார். எந்த ரெண்டு வயர்டா கண்ணு? படம் போட்டுக் காட்டு."