பழைய சிஸ்டமே போதும், மாப்பிள்ளை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

குழாய்க் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். கடையில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டர்களின் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள். பேத்திக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, ரொம்ப சந்தோஷம். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன் போட்டால் என் மகள்தான் எடுக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பா, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, லீவுல வந்து உங்களுக்காகத்தானே மாடா உழைச்சார்" என்று முடித்துவிடுகிறாள். ஆகவே கடிதம். நான் உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். இந்த மாதக் கடைசிக்குள் நீங்கள் தயவுசெய்து ஒரு நடை வந்து, கடைக் கம்ப்யூட்டர்களில் அந்தப் பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் மாடியில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் நம் கணக்கம்மா வேலையை விட்டுப் போய்விடுவார். போன திங்கட்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்து, "முதலாளி, இந்த மாசத்தோட நின்னுக்கறேன்" என்றார். எந்தக் கொத்தனார் என்ன அளவு குழாய் வளைவு கேட்பார், எந்தக் கம்பெனி சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்பும், எது கதை விடும், வரி ஆபீசுக்கு எந்தக் காகிதம் போக வேண்டும், எல்லாம் அந்த அம்மாவின் தலைக்குள்தான் இருக்கிறது. உங்கள் மனைவி சின்ன வயசில் வீட்டுப்பாடம் எழுதியதே அந்த மாடி அறையில், கணக்கம்மாவின் மேஜை ஓரத்தில்தான். அவர் போனால் கடையில் குழாய் இருக்கும், கடை இருக்காது. "ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "புது சிஸ்டம் வந்ததிலேர்ந்து என்னால முடியலை" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் ஆரம்பம் நல்லபடியாகத்தான் இருந்தது. பழைய சிஸ்டம் ஒருநாள் காலையில், 'உங்கள் கம்ப்யூட்டர் புதிய பதிப்புக்குத் தகுதியற்றது' என்று திரையில் போட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மிஷினைப் பார்த்து அப்படிச் சொல்ல எவ்வளவு திமிர் இருக்க வேண்டும் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள். "மாமா, ஓப்பன் சோர்ஸ்னு ஒண்ணு இருக்கு, இந்த மிஷின்லயே ஓடும், உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதறது, இலவசம்" என்றீர்கள். 'இலவசம்' என்ற சொல் முடிவதற்குள் நான் தலையாட்டியது என் தவறுதான். "யார் வேணா திறந்து பார்க்கலாம், திருத்தலாம்" என்று நீங்கள் சொன்னதும், எதிர்க்கடைக்காரர் நம் விலைப்பட்டியலைத் திறந்து திருத்திவிடுவாரோ என்று நான் கேட்டேன். நீங்கள் சிரிக்காமல் விளக்கினீர்கள். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. கல்லா, மாடி, கிடங்கு மூன்றையும் ஒரே வலையில் இணைத்து, வீட்டில் அத்தையின் லேப்டாப்பிலும் போட்டுவிட்டு, கட்டளைகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வண்டி ஏறிவிட்டீர்கள். அதோடு என் நிம்மதியும் வண்டி ஏறிவிட்டது.

முதல் நாளே பாஸ்வேர்டு. தாளைப் பார்த்துக் கட்டளையை அடித்தேன், பாஸ்வேர்டு கேட்டது, அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. இன்னும் அழுத்தி அடித்தேன். ஒன்றும் இல்லை. கீபோர்டு செத்துவிட்டது என்று நினைத்து, வாடிக்கையாளரைக் காக்க வைத்துவிட்டு, நானே கடைத்தெருவுக்கு ஓடிப் புதுக் கீபோர்டு வாங்கி வந்து மாட்டினேன். அதிலும் விழவில்லை. மாடிக்கு ஓடினேன். "அது அப்படித்தான் முதலாளி, காட்டாது, ஆனா வாங்கிக்கும்" என்றார் கணக்கம்மா. இதை யாராவது முன்னாடியே சொல்லக் கூடாதா என்று நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். அவரைப் பார்த்து அல்ல, பொதுவாகத்தான். பாவம், அவர் முகம் அன்றைக்கே வாடிப்போயிற்று. அந்த சிஸ்டம் அவரை அந்தப் பாடு படுத்தியிருக்கிறது.

கீழே வந்து மறுபடி அடித்தேன். இப்போது வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டு என்ன சொல்லிற்று தெரியுமா? 'உங்களுக்கு அனுமதி இல்லை. இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும்.' இத்தனை வருஷ வியாபாரத்தில் என்மேல் ஒரு புகார் கிடையாது. எந்த மேலிடம், எப்போது வருவார்கள், ஒன்றும் புரியவில்லை. கல்லாவைத் துடைத்து, வரி ரசீதுகளை மேலே எடுத்து வைத்து, வீட்டுக்குப் போய் இஸ்திரி போட்ட சட்டை மாற்றிக்கொண்டு வந்து சாயங்காலம் வரை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பை மாட்டிக்கொண்டு வந்த ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்து, ஜூஸ் வாங்கிக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொண்டேன். அவர் குளியலறைக்கு ஷவர் வாங்க வந்தவர். பிறகுதான் தெரிகிறது, அந்த மேலிடமே நம் கணக்கம்மாதானாம். சிஸ்டத்தை மாற்றும் உரிமையை நீங்கள் அவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு எனக்குக் கொடுக்காமல் போயிருக்கிறீர்கள். மாப்பிள்ளை, கடை என்னுடையது. போர்டில் என் பெயர் இருக்கிறது. இதை என் மகளிடம் கேட்டால், "உங்ககிட்ட கொடுத்தா நோண்டிடுவீங்கப்பா" என்கிறாள். நீங்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள், அது அவள் கற்பனை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, எதற்கெடுத்தாலும் நான் மாடி ஏற வேண்டியதாகிவிட்டது. இதற்கு நடுவில் பிரிண்டர் வேறு. கல்லாவில் பில் போட்டால் மாடியில் அச்சாகும். மாடியில் கணக்கம்மா வரி அறிக்கை அடித்தால் கிடங்கில் அச்சாகும். கிடங்கில் இருக்கிறவரை நாங்கள் 'அவசரம்' என்று கூப்பிடுவோம், எதற்குமே அவசரப்படாதவர் என்பதால். அவர் அந்த வரி அறிக்கையில் வாஷர் மடித்துக் கொடுத்துவிட்டார். அது எந்தக் கட்டடத்துக்குப் போயிற்றோ. நான் படிக்கட்டின் அடியில் நின்று "பில் வந்துதா?" என்று கத்துவேன், கணக்கம்மா "வந்தது" என்பார், எனக்குக் காது கேட்காது, ஏறுவேன், அவர் பின்னால் நின்று அந்தத் திரையில் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன், அதைத் தொடாதீங்க இதை அமுக்குங்க என்று என்னால் முடிந்த உதவியைச் செய்வேன், இறங்குவேன், அடுத்த பில், மறுபடி ஏறுவேன். என் முழங்கால் எனக்கே சாபம் விட்டது.

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு மனசாரத் திட்டலாம். அவரும் சளைக்காமல் திருப்பித் திட்டுவார், இரண்டு பேருக்கும் மனபாரம் இறங்கும், மிஷினும் ஓடும். இதற்கு யாரைத் திட்டுவது? சொந்தக்காரர் யாருமே இல்லை, எல்லாரும் சொந்தக்காரராம்! நீங்கள் தாளின் அடியில் எழுதியிருந்த அந்த இணைய மன்றத்துக்குப் போய், மொழிபெயர்ப்பு வசதியை வைத்துக்கொண்டு, என் வயிற்றெரிச்சல் முழுவதையும் கொட்டினேன். எந்த பட்டனை அமுக்கினேன், எது எங்கே அச்சாயிற்று, எந்தக் கூமுட்டை இதை எழுதியது என்று ஒன்று விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பதில் வந்தது. பூனைப் படம் போட்ட ஒருவர். 'இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி' என்கிறார்! சரி, இவருக்குப் புரியவில்லை என்று இன்னும் காரமாக எழுதினேன். 'அருமை, இது எங்களுக்கு ரொம்ப உபயோகம்' என்கிறார். திட்டினால் நன்றி சொல்கிற கூட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அவர் சொன்னபடி, வலையில் இருக்கிற பிரிண்டரையெல்லாம் சிஸ்டம் தானாகப் பிடித்துக்கொள்கிறதாம், அதை நிறுத்தினால் போதுமாம். கணக்கம்மாவின் அனுமதியோடு நிறுத்தினோம். பில் கல்லாவுக்கு வந்துவிட்டது. அந்த மெனு எல்லாருக்கும் புரிகிற மாதிரி இல்லை என்று நான் கத்தியதை வைத்து, அடுத்த பதிப்பில் அதையே மாற்றப் போகிறார்களாம். நான் மசியவில்லை.

வீட்டில் இதைச் சொன்னால் அத்தை, "எனக்கு எல்லாம் நல்லாத்தானே இருக்கு? எழுத்து பெருசா தெரியுது, பேத்தி முகம் தெளிவா தெரியுது, உங்களுக்குத்தான் எதுவும் ஒத்துக்காது" என்கிறார். வீட்டில் ஓடுவது வேறு, கடையில் நாலு பேர் வேலை பார்க்கிறது வேறு என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? ஆகவே மாப்பிள்ளை, உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன், உலகம் பூரா சேர்ந்து எழுதியவர்களையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு சிஸ்டத்துக்காகக் கணக்கம்மாவை இழக்க எனக்கு மனசு வரவில்லை. வந்து பழையதைப் போட்டுக் கொடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பேத்தியின் அடுத்த பல்லும் நல்லபடியாக விழுந்து, முத்துமுத்தாக முளைக்கட்டும். நீங்களும் என் மகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளைக்குப் போகிற கடிதமாயிற்றே, மரியாதை எங்கேயாவது குறைந்திருக்கிறதா பாருங்கள் என்று இதைக் கணக்கம்மாவிடம் கொடுத்தேன். நின்றபடியே கடைசிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரிக்கிறார். "முதலாளி, பழசு வேணும்னு யார் உங்ககிட்ட சொன்னது? எனக்கு இந்த சிஸ்டம் ரொம்பப் பிடிச்சிருக்கு. நடுவுல நின்னுபோறதில்லை, வெச்சது வெச்ச இடத்துல இருக்கு. பழசைப் போட்டா அன்னிக்கே நான் கிளம்பிடுவேன். என்னால முடியலைன்னு சொன்னது உங்களை. நாள் பூரா மாடி ஏறி வந்து என் தோளுக்குப் பின்னாடி நின்னு கத்தறீங்களே, மனுஷி எப்படி வேலை பார்க்கறது? திட்டியே ஆகணும்னா அந்தப் பூனைகிட்ட திட்டுங்க. அது நன்றி சொல்லும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். இத்தனை நாளும் அவர் முகம் வாடியதெல்லாம் என்னாலா என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது. இனி கூப்பிடாமல் மாடி ஏற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆகவே நீங்கள் வர வேண்டாம். அதாவது, தாராளமாக வாருங்கள், மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பழைய சிஸ்டத்தை மட்டும் கொண்டு வர வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடத்தான் கை நீட்டினேன். கணக்கம்மா விடவில்லை. "அப்படியே போகட்டும் முதலாளி, கொடுத்த வாக்கையும் கீழே எழுதுங்க, நாளைக்கே நீங்க படியில காலை வைப்பீங்க, எனக்கு ஒரு சாட்சி வேணும்" என்று சொல்லி, தானே உறையில் உங்கள் விலாசத்தையும் எழுதிவிட்டு, நான் இதை எழுதி முடித்ததும் ஒட்டுவதற்குப் பசையோடு பக்கத்திலேயே நிற்கிறார்.