மருந்துக்காரர் நட்ட முனியாண்டி

களைக்கொல்லி அடிக்கக் கூலிக்கு வந்துவிட்டு, அதை அடிக்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்ட மனிதர் பேராக் மாநிலத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஊரான பீடோரில் எல்லோருக்கும் அவர் மருந்துக்காரர். சொந்தப் பெயர் அவருக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் நான் பயத்தங்காய் போட்டிருந்தேன். முதுகில் மருந்தடிக்கும் பம்பைக் கட்டிக்கொண்டு வருவார். கொஞ்ச நேரம் வேலை, மீதி நேரம் சாக்கு. காற்று சரியில்லை, இடுப்பு சரியில்லை. ஒருமுறை பௌர்ணமி என்றார். அப்போது உச்சி வெயில்.

கல்லும் குட்டைப் புல்லுமாக ஒரு மூலை கிடந்தது. அதைச் சுத்தம் செய்தால் இன்னும் இரண்டு பாத்தி போடலாம் என்றேன்.

"அங்க ஆட்காட்டி முட்டை போட்டிருக்கு தம்பி. முன்ன எங்க பார்த்தாலும் கத்திக்கிட்டு கிடக்கும். இப்ப எல்லா மூலையும் நாமளே மழிச்சிட்டோம். அது எங்க போகும் லா?"

"அது குருவி, எங்கயாவது போகும். திங்கக்கிழமை அடிச்சிடுங்கண்ணே."

திங்கட்கிழமை போனால் அந்த மூலையில் ஒரு கம்பு, அதில் மஞ்சள் துணி, உச்சியில் எலுமிச்சம்பழம்.

"என்னண்ணே இது?"

"முனியாண்டி தம்பி. கனவுல வந்து இடம் கேட்டாரு."

அதற்குப் பிறகும் அங்கே மருந்து அடிக்கச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? வீட்டில் சொன்னேன். என் மனைவி ஊருக்கே சொன்னாள். வெள்ளிக்கிழமை தேங்காய், சுருட்டு, உறுமி மேளத்தோடு ஒரு கூட்டமே வந்து இறங்கியது. மருந்துக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. கையை விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார்.

"கிட்ட போகாதீங்க! சாமி தவத்துல இருக்கு லா! மேளம் கேட்டா கோவிச்சுக்கும்!"

யார் கேட்டார்கள்? உறுமி முழங்கியது. ஆட்காட்டி பொறுக்குமா? கூச்சலிட்டுக்கொண்டே எழுந்து மேளக்காரன் தலையை உரசிப் பறந்தது. திரும்பி வந்து இன்னொரு முறை உரசியது.

"சாமி வந்துருச்சு!" என்று ஓர் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூட்டம் பின்பக்கமாகவே நடந்து சாலைக்குப் போய், அங்கிருந்தே கற்பூரம் காட்டியது.

முட்டைகள் தப்பின. சில நாளில் குஞ்சுகள் நெட்டைக் கால்களோடு பயத்தங்காய்க் கொடிகளுக்குள் ஓடின. அப்போதுதான் கேட்டேன்.

"உண்மையச் சொல்லுங்கண்ணே, கனவுல வந்தது முனியாண்டிதானா?"

"கனவுல வாரவங்க கிட்ட ஐசி கார்டைக் காட்டு, பேரைப் பார்க்கணும்னு கேக்க முடியுமா தம்பி?"

இப்போது அவர் மகள் வீட்டோடு கோலா கங்சாரில் இருக்கிறார். அந்த மூலையில் மஞ்சள் துணி கட்டுவது நான்தான். இரண்டு பாத்தி குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். கிட்டே போனால் ஆட்காட்டி என்னையும் கத்தி விரட்டுகிறது. அண்ணன் திட்டுவது போலவே இருக்கும். கொஞ்ச நேரம் நின்று வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்.