டெங்கு ஒழிப்புக் கொலு

உலகம் முழுவதும் கொசுவை மருந்தடித்து விரட்டப் பார்க்கிறது. கொலு வைத்து விரட்டிய பெருமை மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்துக்கு மட்டுமே உண்டு. அதன் 'கௌரவ' செயலாளர் சுப்பராமன் என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

பேட்டையில் குழந்தைகளுக்கு டெங்கு பரவியதும் அவசரக் கூட்டம் போட்டோம். மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி போடலாம் என்றார் யாரோ. அது வெறும் மூடி, 'விழிப்புணர்வு' ஆகாது என்று நிராகரித்தோம். "இந்த நவராத்திரிக்கு டெங்கு ஒழிப்புக் கொலு! போட்டிக்கும் பேர் கொடுத்துடுவோம்!" என்றார் பொருளாளர் ஸ்ரீவத்சன். பலத்த கைதட்டல். அதில் நாலு கொசு செத்தது. கூட்டத்தின் உடனடிப் பலன் அது.

கீழ்த்தளத்தில் ஒன்பது படி. சூலத்தால் கொசுவைக் குத்தும் அம்பாள். ஸ்டெதஸ்கோப் மாட்டிய செட்டியார் பொம்மை. முன்னால் நிஜத் தண்ணீரில் ஒரு தெப்பக்குளம். பாசி படிந்தால்தான் இயற்கையாக இருக்கும் என்று பிள்ளையார் சதுர்த்திக்கே நிரப்பிவிட்டோம். கரையில் ஒரு பலகை: 'தண்ணீர் தேங்க விடாதீர்.'

ஒருநாள் வாட்ச்மேன் சேட்டு ஓடிவந்தார். "சார், கொளத்துல மீன் குஞ்சு துள்ளிக்கினு கீது சார்!"

மீனே விடாத குளத்தில் மீன்! அம்பாளின் அனுக்கிரகம் என்று வாட்ஸப்பில் அறிவித்தோம்.

நவராத்திரி தொடங்கிய கையோடு முதல் மாடி நீரஜாவின் மகன் பிரணவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு. இரண்டாம் வகுப்பு படிக்கிறவன். போன வாரம்வரை குளத்தங்கரையில் உட்கார்ந்து 'மீனுக்கு'ப் பொரி போட்டவன். எனக்கும் வருத்தம்தான், மறுக்கவில்லை. மாற்றுத் துணி எடுக்க வந்த நீரஜா நேரே என்னிடம் வந்தாள்.

"மாமா, அது மீன் இல்லை, கொசுப் புழு. அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்கோ. பிரணவுக்குப் பிளேட்லெட் இறங்கிண்டே இருக்கு. மத்த குழந்தைகளும் தினம் சுண்டலுக்கு இங்கேதானே உட்கார்றதுகள்?"

"கொட்டலாம்மா. ஆனா கலசம் வெச்சாச்சே? விஜயதசமி வரைக்கும் கொலுவைக் கலைக்கப்படாது."

"குளம்கூடவா கொலு?"

"குளத்துக்குத்தான் தனி மார்க்கே!" என்றார் ஸ்ரீவத்சன்.

அதற்காக எங்களைக் கல்நெஞ்சர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பிரணவ் நலம்பெற வேண்டி அன்று மாலையே குளத்தில் ஒரு விளக்கு மிதக்கவிட்டோம். போட்டோவும் எடுத்தோம்.

சரஸ்வதி பூஜையன்று நடுவர் வந்தார். அம்பாளைப் பார்த்தார், தலையாட்டினார். குளத்தருகே வந்ததும் கையில் ஒன்று உட்கார்ந்தது. உற்றுப் பார்த்து அசந்துபோனார்.

"என்ன தத்ரூபம்! கால்ல வெள்ளை வரிகூட விட்டுப்போகலையே! இந்தக் கொசுவெல்லாம் யார் பண்ணினது?"

நான் அடக்கமாகத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள், ஃபிளாஸ்க்கோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நீரஜா நின்று பதில் சொல்லிவிட்டாள்.

"இந்தக் கமிட்டி மாமாக்கள்தான் சார் பண்ணினா. சரியா வேலை செய்யறதான்னு என் பிள்ளை மேல டெஸ்டும் பண்ணிட்டா."